இறால் குஞ்சுக்கான பி.சி.ஆர். அறிக்கையில் முழு விவரம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேதாரண்யம் வட்டத்தில் வனாமி இறால் வளர்க்கிறேன். வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். இறால் செத்துக் கரையோரம் ஒதுங்கும், உடனே அறுவடை செய்து கிடைத்ததைத் தேற்றலாம். ஈ.எச்.பி. என்ற ஒட்டுண்ணி நோய் அப்படியல்ல. இறால் சாகாது, தீவனம் எடுக்கும், ஆனால் வளராது. வீச்சு வலை போட்டால் ஒரே குளத்தில் ஒன்று 12 கிராம், பக்கத்தில் கிடப்பது 4 கிராம். காற்று ஒதுக்கும் மூலையில் வெள்ளைக் கழிச்சல் இழை இழையாக மிதக்கும்போது தீவனக் கடன் கழுத்துவரை ஏறியிருக்கும்.

போன பட்டத்தில் எனக்கு வந்த குஞ்சுகளோடு ஒரு பி.சி.ஆர். அறிக்கையும் (கிருமியின் மரபணுவைப் பெருக்கித் தேடும் சோதனையின் முடிவு) வந்தது. ‘ஈ.எச்.பி. நெகட்டிவ்’ என்று ஒரு வரி. எந்தத் தொட்டி, எத்தனை குஞ்சு, எந்த மரபணுவைத் தேடினார்கள், எதுவுமே அதில் இல்லை. இறால் பாதி வளர்ச்சியில் நின்றுவிட்டது. நோய் குஞ்சோடு வந்ததா, குளத்து மண்ணிலேயே இருந்ததா என்று அந்தத் தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்க முடியவில்லை.

இந்த ஒட்டுண்ணிக்கு 2009-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். மைக்ரோஸ்போரிடியா என்ற, பூஞ்சைக்கு உறவான நுண்ணுயிர் வகையைச் சேர்ந்தது. அது பரவும் வித்து ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இறாலின் ஈரல் செல்லுக்குள் புகுந்து பெருகும். சர்க்கரையை உடைத்துத் தானே சக்தி தயாரிக்கும் வழி இதற்குக் கிடையாது என்பதை மரபணுத் தொகுதியைப் படித்தவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். இறாலின் செல் தயாரிப்பதைத்தான் எடுத்துக்கொள்கிறது. நாங்கள் கொட்டும் தீவனம் எடையாக மாறாததன் காரணம் எனக்கு அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

முதலில் வந்த பி.சி.ஆர். முறைகள் ரைபோசோம் மரபணுவைத் தேடின. அவை இதன் உறவான வேறு மைக்ரோஸ்போரிடியாக்களையும் ஈ.எச்.பி. என்று காட்டிவிடலாம். 2016-இல் தாய்லாந்திலேயே வித்துச் சுவர்ப் புரதத்தின் மரபணுவைத் தேடும் இரண்டு கட்டச் சோதனையை வெளியிட்டார்கள். முதல் கட்டத்தில் பெருக்கியதையே மறுபடி பெருக்கிப் பார்ப்பது அது. குஞ்சில் தொற்று மிகக் குறைவாக இருக்கும்போது ஒரு கட்டத்தோடு நிறுத்தினால் தப்பிவிடும். எண்ணிக்கையும் முக்கியம். நூற்றுக்கு 2 குஞ்சுகளில் மட்டும் தொற்று இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 150 குஞ்சுகளை எடுக்க வேண்டும். பத்து இருபதை எடுத்து ‘நெகட்டிவ்’ கொடுத்தால் லட்சக்கணக்கில் குஞ்சு வாங்குகிறவன் அதை எப்படி நம்புவது?

குஞ்சை மட்டும் பார்ப்பதும் போதாது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே பொரிப்பகங்களுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே போன பிறகு முட்டை பிடிப்பதற்காக உயிருள்ள கடற்புழுக்களைத் தீனியாகப் போடுகிறார்கள். அந்தப் புழுவே ஈ.எச்.பி.யைச் சுமந்து வரக்கூடும். புழுவை உறைய வைத்துக் கொடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். தாய் இறாலைக் கொல்லாமல் அதன் கழிவை எடுத்தே பி.சி.ஆர். பார்க்கலாம். இரண்டும் எந்தப் பொரிப்பகத்துக்கும் முடியாத காரியமல்ல.

தொற்று குளத்துக்குள் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து கிடையாது. அறுவடை முடிந்து, மண்ணை உழுது, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு, ஈரப்படுத்தி, மண்ணின் கார அமிலத்தன்மையை (pH) 12-க்கு மேல் ஏற்றச் சொல்கிறார்கள். குத்தகைக் குளத்தில் இறால் வளர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு அது கட்டுப்படியாகும்?

கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கு என் கோரிக்கை இதுதான். குஞ்சு விற்பனைக்கான அறிக்கைக்கு ஒரே படிவம் கொண்டுவாருங்கள். தொட்டி எண், எடுத்த குஞ்சுகளின் எண்ணிக்கை, தேடிய மரபணு, ஒரு கட்டமா இரு கட்டமா, தாய் இறால் கழிவின் முடிவு, புழுத் தீனியின் முடிவு ஆகியவை அதில் தமிழிலும் இருக்க வேண்டும். மீன்வளப் பல்கலைக்கழகம் எங்கள் நாகப்பட்டினத்திலேயே இருக்கிறது. குஞ்சு இறக்கும் பருவத்திலாவது பண்ணையாளர்கள் நேரில் மாதிரி கொடுத்து, குளத்தில் விடுவதற்கு முன் முடிவு வாங்கும்படி அதன் வழியாக ஒரு சேகரிப்பு மையத்தை வேதாரண்யத்தில் திறக்க வேண்டும். கட்டணம் கட்ட நாங்கள் தயார்.

இறால் பண்ணையாளர் ஒருவர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.