தோடு தேடிய இரவு

மானிப்பாய்,
யாழ்ப்பாணம்.

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மருமகனும் பிள்ளைகளும் அவ்வாறே இருக்க வேண்டுமென்று நாள்தோறும் மன்றாடுகிறேன்.

கடந்த ஞாயிறு நீ தொலைபேசியில் கேட்டவற்றுக்கு அந்த நேரத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் தேவாலயத்தில் ஓய்வுநாட் பாடசாலையின் சிறுவர் வகுப்பை உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்றும், நான்கு வயது முதல் ஏழு வயது வரையான பிள்ளைகளுக்குச் ‘சந்தோஷம்’ என்ற பாடத்தை மூன்று வாரம் நடத்த வேண்டும் என்றும் சொன்னாய். அதன் பிறகு, சற்றுக் குரலைத் தாழ்த்தி, அப்பா காலமான செய்தி வந்த வாரத்தில் நீ அடுப்படியில் நின்று அழுததைக் கண்ட உன் மூத்தவன், “யேசுவின் பிள்ளைகள் எப்போதும் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று படித்தோமே, அம்மா ஏன் அழுகிறீர்கள்?” என்று கேட்டதையும் சொன்னாய். அந்தக் கேள்வி இந்த ஒரு கிழமையாக என் மனதை விட்டு அகலவில்லை. பாடத்தை எப்படி நடத்துவது என்று நீ கேட்டதற்கும் அவனுடைய கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

முப்பது வருடங்களுக்கு மேலாகச் சிறுவர் வகுப்பு நடத்தியவள் என்று என்னைப் பற்றிப் பலர் பெருமையாகச் சொல்லுவார்கள். ஆனால் இந்தப் பாடத்தில் நான் செய்த பெரிய பிழை ஒன்றை உனக்கு இதுவரை சொன்னதில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் வீடுகளை விட்டு வெளிக்கிட்டபோது உனக்கு ஏழு வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்த அந்த நடை உனக்கு நினைவிருக்கும். கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில், வாங்குகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பல குடும்பங்கள் தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்து வேப்பமரத்தின் கீழ்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஞாயிறு, பிலிப்பியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலிருந்து, “கர்த்தருக்குள் எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்” என்ற வசனத்தை மனனம் செய்யக் கொடுத்தேன். அந்த வருடம்தான் தகப்பனை இழந்திருந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் தன் முறை வந்ததும் வாய் திறக்காமல் நின்று, பிறகு விம்மத் தொடங்கினான். நான் அவனுடைய தாடையைத் தூக்கி, “கர்த்தருடைய பிள்ளைகள் அழக்கூடாது ராசா, சிரித்துக்கொண்டு சொல்லு” என்றேன். அவன் உதட்டை இழுத்துச் சிரிப்பது போலச் செய்து, வசனத்தை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தான். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

தேடிப் போனபோது, கட்டடத்தின் பின்பக்கம் முதிய மனுஷி ஒருத்தியின் மடியில் அவன் படுத்திருந்தான். அவளும் அவனோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தாள். எழுத்து வாசனை இல்லாத அந்த அம்மா, “சந்தோஷப்படுகிறவர்களுடனே சந்தோஷப்படுங்கள், அழுகிறவர்களுடனே அழுங்கள்” என்று பவுல் ரோமருக்கு எழுதியதை எனக்கு முன்னால் செய்து காட்டிக்கொண்டிருந்தாள். வசனம் தெரிந்த நான் அந்தப் பிள்ளைக்கு ஒரு கட்டளையைக் கொடுத்தேன். அவளோ மடியைக் கொடுத்தாள். பல கிழமைகளுக்குப் பிறகு அவன் தானாக வந்து வகுப்பின் கடைசி வரிசையில் இருந்தான். நான் அவனை ஒன்றும் ஒப்புவிக்கச் சொல்லவில்லை.

ஆகவே உனக்கு நான் முதலாவதாகச் சொல்வது, சந்தோஷத்தைக் கடமையாகக் கற்பிக்காதே என்பதுதான். அந்த வசனத்தைச் சொல்லிக் கொடுப்பதாக இருந்தால், அதை எழுதிய மனிதர் அப்போது காவலில் இருந்தார் என்பதையும், அதைப் பெற்றுக்கொண்ட பிலிப்பி பட்டணத்துச் சபை எப்படித் தொடங்கியது என்பதையும் கூடவே சொல். அப்போஸ்தலருடைய நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. பவுலும் சீலாவும் அடிபட்டு, சிறையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, நடுராத்திரியில் பாடினார்கள்; மற்றக் கைதிகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிறைச்சாலைக் காவற்காரன் தன்னைக் கொன்றுகொள்ளப் பட்டயத்தை உருவிய பகுதியை இந்த வயதுக்கு விட்டுவிடலாம். அதற்குப் பின் வருவதை விட்டுவிடாதே: அவன் அந்த இரவிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவி, தன் வீட்டுக்குக் கூட்டிச் சென்று, சாப்பாடு கொடுத்து, வீட்டார் அனைவரோடும் மனமகிழ்ச்சியாயிருந்தான் என்று எழுதப்பட்டிருக்கிறது. கிண்ணத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் துணித்துண்டும் கொண்டு போய், ஒரு பிள்ளையின் கையை மற்றப் பிள்ளை கழுவிவிடச் செய்தால், காயத்துக்கும் சந்தோஷத்துக்கும் என்ன தொடர்பு என்று நீ விளக்க வேண்டியிராது.

ஆனால் மூன்று வாரத்தில் முதல் வாரத்துக்கு நான் லூக்கா 15ஆம் அதிகாரத்தைத்தான் எடுப்பேன். காணாமற்போன ஆடு, காணாமற்போன வெள்ளிக்காசு, காணாமற்போன மகன் என்று மூன்று கதைகள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. நான் எத்தனையோ முறை படிப்பித்த பிறகே ஒரு காரியத்தைக் கவனித்தேன். அந்தக் கதைகளில் முதலில் சந்தோஷப்படுவது யார் என்று பார். மேய்ப்பன் சந்தோஷத்தோடே ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான், அந்தப் பெண் அயல்வீட்டுக்காரிகளை அழைத்து “என்னோடுகூடச் சந்தோஷப்படுங்கள்” என்கிறாள், தகப்பன் ஓடிப்போய் மகனைக் கட்டிக்கொள்கிறான். ஆடு என்ன நினைத்தது என்று எங்கும் சொல்லப்படவில்லை. வெள்ளிக்காசுக்கு நினைவே கிடையாது. சந்தோஷம் முதலில் கர்த்தருடையது. நாங்கள் அதன் காரணமாக இருக்கிறோம். செப்பனியா தீர்க்கதரிசியும் “அவர் உன்பேரில் கெம்பீரமாய்க் களிகூருவார்” என்கிறார். கெம்பீரம் என்ற சொல் இன்றைய பிள்ளைகளுக்கு மிடுக்காக நடப்பதைத்தான் நினைவூட்டும். அங்கே அதன் பொருள் மகிழ்ச்சி மிகுதியால் எழும் ஆர்ப்பரிப்பு. உன்னைப் பார்த்து ஆண்டவர் ஆர்ப்பரித்துப் பாடுகிறார் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொல்லிப் பார், அதன் கண்கள் எவ்வளவு பெரிதாகின்றன என்று உனக்கே தெரியும்.

உனக்கு ஐந்து வயதில் ஒரு தோட்டைத் தொலைத்தாயே, அது நினைவிருக்கிறதா? 1990இல் மின்சாரம் நின்ற பிறகு, ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, திரியைக் கம்பியால் நிறுத்தித்தான் எல்லா வீடுகளிலும் விளக்கு எரித்தோம். மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாக இருந்ததால் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அணைத்துவிடுவோம். அன்றைக்கு நான் அணைக்கவில்லை. விளக்குமாற்றால் அறை முழுவதையும் கூட்டி, பாயை உதறி, கடைசியில் நிலைக்கதவின் இடுக்கில் அந்தத் தோட்டைக் கண்டெடுத்தபோது, எரிந்த எண்ணெய் எவ்வளவு என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை. நான் கூப்பிட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடி வந்தாள். அந்த இருட்டில் எல்லோரும் பனங்கட்டித் துண்டு கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். பேச்சும் அடியும் விழும் என்று பயந்து மூலையில் நின்ற நீ, என் முகத்தைப் பார்த்ததும் துள்ளத் தொடங்கினாய். அன்று இரவுதான் அந்த வெள்ளிக்காசுக் கதை எனக்கு முழுவதுமாக விளங்கியது.

வகுப்பில் இதை நடத்துவதற்கு நான் சொல்லும் வழி மிக எளிது. காசை ஒளித்துவைத்துப் பிள்ளைகளைத் தேடச் சொல்வதுதான் எங்கும் வழக்கம்; அப்படிச் செய்தால் பிள்ளை தேடுகிறவனாகிவிடுகிறான், கதை தலைகீழாகிவிடுகிறது. பிள்ளைகளை ஒளிக்கவிட்டு நீ தேடு. ஒளித்துப் பிடித்து விளையாடும் பிள்ளையைக் கவனித்திருக்கிறாயா? தன்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போலத் தோன்றும். ஆனால் தேடுகிறவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் சில நிமிடங்களிலேயே அதற்கு அழுகை வந்துவிடும். கண்டுபிடிக்கப்பட்ட கணத்தில் அது எழுப்பும் சத்தம் இருக்கிறதே, அதைத்தான் எங்கள் ஊரில் புளுகம் என்கிறோம். ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லித் தேடு. அவசரப்படாதே. கண்டுபிடித்ததும் மற்றவர்களைக் கூப்பிட்டு, “என்னோடுகூடச் சந்தோஷப்படுங்கள்” என்று சொல். புளுகம் என்ற சொல்லையும் அந்தப் பிள்ளைகளுக்குக் கொடு. ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைகளுக்குச் சந்தோஷம் என்பது பாடப்புத்தகத்துச் சொல்லாக நின்றுவிடும். புளுகம் என்பது அவர்களுடைய அம்மம்மாமார் வாயில் இன்னும் இருக்கிற சொல்.

இரண்டாம் வாரத்துக்குப் பிலிப்பியின் கதையை வைத்துக்கொண்டால், மூன்றாம் வாரத்துக்கு நெகேமியா 8ஆம் அதிகாரத்தை எடு. நியாயப்பிரமாணத்தைக் கேட்டு ஜனங்களெல்லாரும் அழுதபோது, “கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பதே உங்களுடைய பெலன்” என்று சொல்லப்பட்டது. சுவர்களில் தொங்கவிடும் அட்டைகளில் இந்தப் பகுதி மட்டும்தான் இருக்கிறது. அதே வசனத்தின் முற்பகுதி, கொழுமையானதைப் புசித்து, மதுரமானதைக் குடித்து, ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்குகளை அனுப்புங்கள் என்கிறது. அழுகிறவர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. சாப்பாட்டையும் சொல்லி, அதில் இல்லாதவனுக்கும் பங்கு வைத்தார்கள்.

கொடிகாமத்தில் நாங்கள் கொண்டாடிய நத்தார் அப்படிப்பட்டது. நிவாரணத்தில் கிடைத்த கோதுமை மாவில் ரொட்டி சுட்டு, பனங்கட்டி கரைத்து ஊற்றி, வாழையிலைத் துண்டுகளில் வைத்து நீங்கள் பிள்ளைகள் வகுப்பறை வகுப்பறையாகக் கொண்டு போய்க் கொடுத்தீர்கள். சைவக் குடும்பங்களே அங்கே அதிகம். அவர்களும் வாங்கிச் சாப்பிட்டு, நீங்கள் பாடியபோது தாளம் போட்டார்கள். தைப்பொங்கல் வந்தபோது அவர்கள் வீட்டுப் பொங்கல் எங்கள் இலைக்கு வந்தது. அந்த நத்தாரைவிட நல்ல நத்தாரை நான் கண்டதில்லை என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மம்மா அடுப்படியில் ஒரு சிறு முட்டி வைத்திருந்தது உனக்குத் தெரியும். உலைக்கு அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து அதில் போடுவாள். மாத முடிவில் அந்தப் பிடியரிசி தேவாலயத்துக்குப் போய், அங்கிருந்து இல்லாத வீடுகளுக்குப் போகும். எங்களைப் போடவிடுவாள். சின்னக் கை என்பதால் பிடி சிறிதாக இருக்கும், அதற்கு அவள் ஒன்றும் சொன்னதில்லை. பிள்ளைகள் கொடுப்பதைப் படிப்பதற்கு முன்பே கொடுப்பதன் இன்பத்தைப் படித்துவிட்டார்கள். உன் வகுப்பிலும் ஒரு முட்டி வை. அங்கே எந்த வீட்டுக்கு அந்த அரிசி போகும் என்பதைப் பிள்ளைகளுக்குத் தெரியச் சொல்.

பரிசுகள் பற்றியும் கேட்டாய். இந்தப் பாடத்துக்கு வேண்டாம். வசனம் சொன்னவனுக்கு நட்சத்திரம், சிரித்தவனுக்கு இனிப்பு என்று வைத்தால், இல்லாதவன் வீட்டுக்கு வெறுங்கையோடு போவான்.

இனிப் பேரனுக்கு. அவனை மடியில் வைத்துக்கொண்டு, லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் யேசு கண்ணீர் விட்டார் என்று சொல். லாசருவை எழுப்பப் போகிறார் என்பது அவருக்குத் தெரியும், தெரிந்துகொண்டும் அழுதார், ஏனென்றால் மரியாள் அழுதுகொண்டிருந்தாள் என்று சொல். அம்மா அம்மப்பாவை மிகவும் நேசித்தபடியால் அழுகிறாள், அந்த நேசத்தைத் தந்தவரும் கர்த்தர்தான் என்று சொல். சாயங்காலத்தில் அழுகை தங்கும், விடியற்காலத்திலே களிப்புண்டாகும் என்ற சங்கீதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டலாம். ஆனால் விடியும் நேரத்தை அவனுக்குக் குறித்துக் கொடுக்காதே. எனக்கு இன்னும் விடியவில்லை, பிள்ளை. அப்பாவின் கதிரையை நான் இடம் மாற்றவில்லை. ஆனாலும் காலையில் வேதத்தைத் திறக்கும்போது, அவர் தேடி வருகிறவர் என்ற நிச்சயம் என்னிடத்தில் இருக்கிறது. அழுதுகொண்டே அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நீ அழும்போது அவன் கண்டால் முகத்தைத் திருப்பாதே. அவனையும் பக்கத்தில் நிற்கவிடு.

அந்தத் தோடு சோடியாக இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அயல்வீட்டுப் பிள்ளை அடுத்த மாதம் கனடாவுக்குத் திரும்பும்போது, பனங்கட்டிக் குட்டான் இரண்டோடு அதையும் கொடுத்தனுப்புகிறேன். முதல் ஞாயிறு வகுப்பு முடிந்ததும் எனக்குத் தொலைபேசி எடு. இங்கே இரவாக இருந்தாலும் விழித்திருப்பேன். கடைசியாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிள்ளை எங்கே ஒளித்திருந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடனும் செபத்துடனும்,
அம்மா