பாலத்தில் பைக் செயின் மாட்டிவிட்ட அண்ணனுக்கு

மலேசியாவின் கேமரன் மலையில் மூன்று இரவு தனியாகக் கூடாரம் போட்டுவிட்டு, ஞாயிறு இரவு சிங்கப்பூர் திரும்பிக்கொண்டிருந்தேன். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை மலைப்பாதையின் அத்தனை வளைவிலும் ஒன்றும் ஆகாத வண்டி, சிங்கப்பூர் எல்லையின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி கண்ணில் படும் தூரத்தில், ஜொகூர் பாலத்து நெரிசலில் செயினைக் கழற்றிவிட்டது. பின்னால் ஒரே ஹாரன்.

நீங்கள் தொழிற்சாலைச் சீருடையில் இருந்தீர்கள், அநேகமாக இரவு வேலை. "தள்ளுங்க தம்பி" என்று ஓரங்கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனர் எடுத்து, பின்சக்கர நட்டை இளக்கி, செயினை மாட்டி, விரலால் மேலும் கீழும் ஆட்டிக் காட்டினீர்கள். "ஒன்றரை விரக்கடை ஆடினா போதும். மழையில ஓட்டினா அன்னிக்கே எண்ணெய் போடணும்." நான் ஒருநாள்கூடப் போடவில்லை.

பேர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணே. அப்புறம், உங்கள் 17ஆம் நம்பர் ஸ்பேனர் என் பையில்தான் இருக்கிறது.