குமரி மாவட்டக் கணித ஆசிரியர்களுக்கு: போட்டுப் பார்ப்பது நிரூபணம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களே,

மார்த்தாண்டத்தில் சாயங்காலம் டியூஷன் எடுப்பவன் நான். பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் ஒரு சூத்திரத்தைக் காட்டி, 'இது எப்போதும் சரி என்று எப்படித் தெரியும்?' என்று கேட்டால், 'நாலஞ்சு எண் போட்டுப் பாத்தோம் சாரே, சரியாத்தான் வருது' என்கிறார்கள்.

ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டச் சொன்னேன். 18-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஆய்லர் காலத்துச் சங்கதிதான். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் விடை பகா எண். 40 போட்டால் 1681. அது 41-இன் வர்க்கம். நாற்பது சின்ன எண் என்று சமாதானம் சொல்ல முடியாது. 1919-இல் போல்யா என்ற கணித அறிஞர் வைத்த ஊகம் ஒன்று 1958-இல் தவறு என்று நிரூபணமானது. அது முதன்முதலாகப் பொய்க்கும் இடம் 90,61,50,257. அதுவரை எந்தப் பிள்ளை போட்டுப் பார்க்கும்?

கன்னியாகுமரியில் நாளைக்கும் சூரியன் உதிக்கும் என்பதும் இப்படிப் பார்த்துப் பழகிய நம்பிக்கைதான். லாட்ஜில் அறை எடுக்க அது போதும். கணிதம் தருகிற உறுதி வேறு ஜாதி.

பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் நிரூபித்ததைப் பாருங்கள். கையிலுள்ள பகா எண்களையெல்லாம் பெருக்கி ஒன்று கூட்டுகிறார். அவற்றுள் எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே வந்த எண்ணின் பகாக் காரணி பட்டியலுக்கு வெளியே இருந்தாக வேண்டும். (வந்த எண்ணே பகா எண் என்று சிலர் எழுதிப்போடுகிறார்கள், 13 வரையுள்ள பகா எண்களைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 30031, அது 59 பெருக்கல் 509.) எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் இதே கதைதான். முடிவில்லாத ஒன்றை, ஒவ்வொன்றாக எண்ணாமலே, நாலு வரியில் பிடித்துவிட்டார். இந்த வியப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் முடிவிலியை 'ரொம்பப் பெரிய எண்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது எனக்கு வருத்தம்.

தர்க்கவியல் அறிஞர் குர்ட் கோடெல் 1931-இல் கணித உறுதியையே உடைத்துவிட்டாரே என்று ஒரு நண்பர் கேட்டார். உடைக்கவில்லை. எண்கணிதத்தை உள்ளடக்கிய, விதிகள் எவை என்று முறைப்படி பட்டியலிடக்கூடிய, முரணற்ற விதித்தொகுப்பு எதுவானாலும் அதற்குள் நிரூபிக்க முடியாத உண்மைகள் இருக்கும் என்றார். யூக்ளிடின் நிரூபணம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது.

காரணம் கேட்பது நமக்குப் புதிதும் அல்ல. 16-ஆம் நூற்றாண்டில் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷா, வட்டச் சுற்றளவுக்கான, கேரளக் கணித அறிஞர் மாதவரின் முடிவிலித் தொடர் (முடிவில்லாமல் நீளும் கூட்டல்) ஏன் சரி என்று படிப்படியாக விளக்குகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் வாசிக்கிற ஆசிரியர்களுக்கா பஞ்சம்?

கேட்பது ஒரு பாடவேளை. யூக்ளிடின் நிரூபணத்தைப் பலகையில் பாதி எழுதி, மீதியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். தயவுசெய்து அதை ஐந்து மதிப்பெண் வினாவாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அதையும் மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஒரு டியூஷன் வாத்தியார்