எல்லா காருக்கும் ஒரே நேரத்துல ஃபுல் கரண்ட் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

அபார்ட்மென்ட்ல எலக்ட்ரிக் காருக்கு சார்ஜர் போடணும்னு கேட்டா அசோசியேஷன்ல ரெடியா ஒரு பதில் வச்சிருக்காங்க, "லோடு தாங்காது சார்". அதை பொய்னும் சொல்ல முடியாது. வீட்டு சார்ஜர் ஒண்ணு 7.2 கிலோவாட், பத்து பேர் ஆபீஸ் முடிஞ்சு வந்து எட்டு மணிக்கு சொருகினா 72 கிலோவாட், சென்னை வெயிலுக்கு அதே நேரத்துல தான் எல்லா வீட்லயும் ஏசியும் ஓடும், மெயின் டிரிப் ஆகாம என்ன பண்ணும்?

ஆனா வண்டி காலைல தானே வேணும். சார்ஜர் காருக்கு "இவ்ளோ ஆம்பியர் தான் எடுக்கலாம்"னு சிக்னல் அனுப்பும், கார் அதுக்கு மேல இழுக்காது, 32 ஆம்பியர்ல இருந்து 6 ஆம்பியர் வரைக்கும் இறக்கலாம். இதை வச்சு தான் லோடு மேனேஜ்மென்ட்டே. மெயின் லைன்ல ஒரு மீட்டர் மாட்டி, ஏசி லோடு ஏறினா சார்ஜருக்கு குறைச்சு, நடுராத்திரி லோடு இறங்கினதும் கூட்டி விடுறது. பத்து காருக்கும் சேர்த்து 20 கிலோவாட்னு லிமிட் வச்சா கூட ஆளுக்கு 2 கிலோவாட், எட்டு மணி நேரத்துல 16 யூனிட், சின்ன காருக்கு 80 கிலோமீட்டர் தாராளமா ஓடும். தினமும் அவ்ளோ தூரம் ஓட்டுறவங்க எத்தனை பேர்?

வாங்கும்போது சிலது பாக்கணும். வேற வேற கம்பெனி சார்ஜர்னா ஓசிபிபி (சார்ஜரும் அதை கன்ட்ரோல் பண்ற சாஃப்ட்வேரும் பேசிக்கிற பொது மொழி) சப்போர்ட் இருக்கணும், இல்லன்னா எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து கன்ட்ரோல் பண்றது கஷ்டம். நெட் கட் ஆனா ஃபுல் கரண்டுக்கு தாவாம குறைஞ்ச அளவுக்கு இறங்குற மாதிரி செட் பண்ணணும். எலக்ட்ரீஷியன் ஈசியா இருக்குன்னு எல்லா சார்ஜரையும் ஒரே பேஸ்ல கொடுத்துட்டு போயிடுவார் (இது நிஜமாவே நடக்குது), மூணு பேஸ்லயும் பிரிச்சு கொடுக்க சொல்லுங்க. ஆளாளுக்கு 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் இழுத்துக்கிட்டா இந்த கன்ட்ரோல் எதுவும் நடக்காது.

2024ல வந்த மத்திய அரசு விதித் திருத்தப்படி சார்ஜிங்குக்கு தனி கனெக்ஷன் கேக்கலாம். சரி தான், ஆனா ஆளுக்கொரு கனெக்ஷன் வாங்கினாலும் தெருமுனை டிரான்ஸ்பார்மர் ஒண்ணு தானே. அதனால லோடு மேனேஜ்மென்ட் போட்டிருக்குற இடத்துல ஈபி சார்ஜர் எண்ணிக்கையை பெருக்கி 72ன்னு பாக்காம, செட் பண்ணின 20ஐ கணக்குல எடுத்து சாங்ஷன் கொடுக்கணும், யாரும் அப்புறமா மாத்த முடியாதபடி அந்த செட்டிங்க சீல் வச்சாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்ல.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை