புத்தகப்பை கொடுக்க வந்தவர்கள்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் புதன்கிழமை பாடசாலை முகவரிக்கு வந்து சேர்ந்தது. மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் என்று எழுதியிருந்தாய். வீட்டில் வாசித்துக் காட்டினேன், எல்லோருக்கும் பெரிய மகிழ்ச்சி. மனைவியின் முழங்கால் வலி ஓரளவு தணிந்திருக்கிறது. இரண்டு வாரங்களாக மழை விடவில்லை. தேயிலைக் கொழுந்து குறைவாக இருப்பதால் நிறுவையில் கிலோ சேராமல் பலருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், கிடைக்கிறது.

கணக்குப் பிரிவிலிருந்த உன்னை நிறுவனத்தின் சமூகப் பொறுப்புத் திட்டங்களுக்கு மாற்றிவிட்டார்கள் என்ற பகுதியைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். ‘ஒரு பொதி வாங்கினால் ஒரு ரூபாய் தோட்டப் பிள்ளைகளுக்கு’ என்று ஜனவரியில் விளம்பரம் செய்யப்போவதாகவும், அது விற்பனைக்காகத்தான் என்பது உனக்கும் தெரியும் என்றாலும், எந்த நோக்கத்தோடு கொடுத்தால் என்ன, பிள்ளைக்குப் புத்தகப்பை கிடைக்கிறதே என்றும் எழுதியிருந்தாய். இருபத்தாறு ஆண்டுகள் வணிகக் கல்வி கற்பித்துவிட்டு இப்போது ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபராக இருப்பவன் என்ற வகையில், இந்தக் கேள்விக்கு உனக்கு ஒழுங்காகப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உன் மேசைக்கு வந்திருக்கும் கோப்புக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. 1983இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம், நியூயோர்க்கிலுள்ள சுதந்திர தேவி சிலையைத் திருத்தும் பணிக்காக, தன் அட்டையால் செய்யப்படும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் ஒரு சதமும், புதிதாக வழங்கப்படும் ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு டொலரும் தருவதாக அறிவித்தது. சில மாதங்களில் சுமார் 17 இலட்சம் டொலர் சேர்ந்தது. அதே காலத்தில் அட்டையின் பயன்பாடும் கால்பங்குக்கு மேல் உயர்ந்தது. அதை வடிவமைத்தவர்கள் சந்தைப்படுத்தல் பிரிவினர். நான் உயர்தர வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொல்லும்போதெல்லாம், இதில் யாருக்கு நட்டம் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். சிலையைப் பொறுத்தவரை யாருக்கும் நட்டமில்லை என்றுதான் நானும் பதில் சொல்லி வந்தேன்.

இலாப நோக்கத்தை நான் குற்றமாகச் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970இல் எழுதினார். சுயநலத்துக்காகச் செய்வதற்குச் சமூகப் பொறுப்பு என்ற போர்வையைப் போர்த்துவதைப் பாசாங்கு என்று அவரே அந்தக் கட்டுரையில் சொன்னார். அவரோடு எனக்குப் பல விடயங்களில் உடன்பாடு இல்லை, ஆனால் இதில் அவர் நேர்மையாகப் பேசியிருக்கிறார். நான் சொல்ல விரும்புவது வேறு. நோக்கம் கொடுப்பவரின் மனத்துக்குள் அடங்கிவிடுகிற ஒன்றாக இருந்தால் உன் கேள்வி நியாயமானது. ஆனால் எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது, கொடுக்கும்போது பிள்ளை எப்படி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் அந்த நோக்கமே தீர்மானிக்கிறது. இதை நான் என் பாடசாலை முற்றத்தில் பார்த்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் புத்தகப்பை கொடுக்க வந்தார்கள். பாடசாலையில் அப்போது 162 பிள்ளைகள். பிள்ளைகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருந்தும் 120 பைகளே வந்தன. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய தொகை அவ்வளவுதான் என்றார்கள். ஆனால் அவர்களோடு இரண்டு புகைப்படக்காரரும், பறக்கவிட்டுப் படம் எடுக்கும் கருவியும், முற்றத்தை மறைக்கும் அளவுக்குப் பெரிய பதாகையும் வந்திருந்தன. பைகள் போதாததால் மேல் வகுப்புப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் இருக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர்கள் யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரண்டாம் தரத்தில் படித்த ஒரு சிறுமி புதுச் சப்பாத்து அணிந்து வந்திருந்தாள். பெரியவர்கள் வருகிறார்கள் என்று அவளுடைய தாய் ஹட்டன் கடையொன்றில் தவணைக்கு வாங்கிக் கொடுத்தது. முன்வரிசையில் நின்ற அவளைப் புகைப்படக்காரர் பின்வரிசைக்கு அனுப்பிவிட்டு, வெறுங்காலோடு நின்ற ஒரு பையனை அந்த இடத்துக்குக் கொண்டு வந்தார். படத்துக்கு அதுதான் பொருத்தம் என்று என்னிடமே சொன்னார். நான் அவரைத் தடுக்கவில்லை. அதிபராக அந்த முற்றத்தில் நின்றும் வாய் திறக்காமல் இருந்தேன் என்பதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை. சில மாதங்கள் கழித்து அந்தப் பையனின் படம் கண்டியில் ஒரு கடைச் சுவரில் பெரிதாகத் தொங்குவதை அவனுடைய மாமா பார்த்துவிட்டு வந்து சொல்ல, தாய் என்னிடம் வந்தாள். “சேர், நாங்க நாள் முழுக்க மலையில நிக்கிறோம். எம்புள்ளைக்குச் சப்பாத்து இருக்கு, அன்னிக்கு நனைஞ்சிருச்சுன்னுதான் போடல. இப்ப ஊரெல்லாம் என்ன நெனைக்கும்?” என்று கேட்டாள்.

அந்தப் பை கடையில் ஏறக்குறைய 2,500 ரூபாய். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய், அதற்கு முன் 2021 முதல் 1,000 ரூபாய். அந்த ஆயிரத்துக்காக மலையகம் எத்தனை ஆண்டு போராடியது என்பது உனக்குத் தெரியும். ஏறக்குறைய இரண்டு நாள் முழுப்பேர் கிடைத்தால் அந்தத் தாயே அந்தப் பையை வாங்கிக் கொடுத்துவிடுவாள், பிள்ளையை யாரும் படம் எடுக்கவும் மாட்டார்கள். நம்முடைய தேயிலையை வெளிநாட்டில் விற்கும் பொதிகளில் கூடை சுமந்து சிரிக்கும் பெண்களின் படத்தையும், தொழிலாளர் பிள்ளைகளின் நலனுக்கு ஒரு பங்கு என்ற வாசகத்தையும் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. கூலியாகக் கிடைக்க வேண்டியதன் ஒரு துளி தருமம் என்ற பெயரில் திரும்பி வந்தால், வாங்குபவர் நன்றி சொல்ல வேண்டியவராகிவிடுகிறார்.

வாங்கும் வாடிக்கையாளரும் ஏமாறக்கூடும். அமெரிக்காவில் யோப்ளே என்ற தயிர் வகை, மூடியைக் கழுவித் தபாலில் அனுப்பினால் மூடிக்குப் 10 சதம் வீதம் மார்பகப் புற்றுநோய் நிதிக்குத் தருவதாக அறிவித்தது. அங்கே ஒரு தபால் முத்திரையின் விலையோ 30 சதத்துக்கு மேல். இரண்டு மூன்று மூடிகளை அனுப்புகிறவர், முத்திரைக் காசை நேரடியாக அந்த நிதிக்குக் கொடுத்திருந்தால் கூடுதலாகக் கொடுத்திருப்பார். 1999இல் பிலிப் மொரிஸ் என்ற புகையிலை நிறுவனம் தொண்டுக்குச் சுமார் 7.5 கோடி டொலரும், அந்தத் தொண்டைப் பற்றிய விளம்பரத்துக்குச் சுமார் 10 கோடி டொலரும் செலவிட்டதாகச் செய்திகள் வெளியாயின. நீ கணக்காளன். இப்படியான இரண்டு தொகைகளை ஒரே தாளில் அருகருகே எழுதினால் நோக்கம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெயர் சொல்லாமல் கொடுப்பதும் நம் மக்களிடையே உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தபோது, எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி என்று சேர்த்து, லொறியில் ஏற்றிக் கொஸ்லந்தைக்கு அனுப்பினோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒருவரும் எழுதி வைக்கவில்லை. நிறுவனங்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறைக்கக் கூடாது. எங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டித் தந்தவர்கள் வந்து அளந்தார்கள், பெற்றோரைக் கூப்பிட்டு எங்கே வேண்டும் என்று கேட்டார்கள், பெயர்ப்பலகை வைக்காமல் போனார்கள். அடுத்த ஆண்டும் குழாய் பழுது பார்க்க ஆள் அனுப்பினார்கள். அவர்களுக்கும் ஏதாவது ஆதாயம் இருந்திருக்கலாம், அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. தொட்டி பிள்ளைகளின் அளவுக்குக் கட்டப்பட்டிருந்தது, அது போதும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நம் நாட்டில் அப்படியொரு கட்டாயம் இல்லாததால் எல்லாம் உன்னைப் போன்றவர்களின் மனச்சாட்சியில் வந்து நிற்கிறது. நீ அந்த நாற்காலியில் இருப்பதில் எனக்கு உண்மையான நிம்மதி. நாம் இருவரும் லயத்திலிருந்து ஹட்டனுக்கு நடந்து வந்து படித்தவர்கள்.

ஆகவே உன்னிடம் கேட்கிறேன். பொதிக்கு ஒரு ரூபாய் என்றால் எத்தனை பொதி வரைக்கும் என்ற எல்லையை விளம்பரத்திலேயே அச்சிடச் சொல். விற்பனை கூடாவிட்டாலும் குறைந்தது இவ்வளவு தருவோம் என்று ஒரு தொகையை முதலிலேயே பாடசாலைகளுக்கு எழுதிக் கொடுக்கச் சொல். விளம்பரத்துக்கு எவ்வளவு, பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று உன் கையால் எழுதிய தாளை இயக்குநர்கள் முன் வை. பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது என்பதை உன்னால் வெல்ல முடியாவிட்டால், எங்கள் பாடசாலையைப் பட்டியலில் சேர்க்காதே. பை இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அதை உணர்ந்துதான் எழுதுகிறேன்.

இதே ஜனவரிக்கு வேறொரு நிறுவனமும் எங்களுக்கு எழுதியிருக்கிறது. 162 பிள்ளைகள் 171 ஆகிவிட்டார்கள். எல்லோருக்கும் தருவதானால், பையில் அவர்களுடைய சின்னம் இல்லாவிட்டால், படம் எடுப்பதில்லை என்று எழுத்தில் தந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வரைந்திருக்கிறேன். அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். சொற்கள் கடுமையாக இருந்தால் திருத்து, நிபந்தனைகளில் கைவைக்காதே. பாடசாலை அபிவிருத்திக் குழு அடுத்த வெள்ளிக்கிழமை கூடுகிறது. சப்பாத்துச் சிறுமியின் தாய் இவ்வாண்டு அதில் அங்கத்தவர், கடிதத்தை அவர்தான் வாசிக்கப்போகிறார். அதற்கு முன் உன் பதில் கிடைத்தால் நல்லது.

உன் அன்பு நண்பன்