செவுத்துல நிக்கற எட்டுக்கால் பூச்சி விஷமா? நம்ம கஸ்டமருங்களுக்கு ஒரு மடல்

வணக்கம். மழை ஆரம்பிச்சதுலேர்ந்து வாட்ஸப்ல வர்ற போட்டோல பாதி எட்டுக்கால் பூச்சிதான், வியாசர்பாடிலேர்ந்து காசிமேடு வரைக்கும் ஒரே கேள்வி, "அண்ணா இது விஷமா, உடனே வந்து மருந்து அடிங்க". தனித்தனியா பதில் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதறோம்.

பாத்ரூம் செவுத்துல உள்ளங்கை அகலத்துக்கு, பழுப்பா, நண்டு மாதிரி கால விரிச்சிகினு ஒட்டினு இருக்கும், லைட்ட போட்டா சர்ருனு ஓடும், எல்லாரும் அலர்றது அதப் பாத்துதான். அது வலை கட்டாது, ராத்திரில கரப்பான புடிச்சி தின்னும். வயித்துக்கு அடில வெள்ளையா வட்டமா தூக்கினு திரியறது முட்டைப்பை. கையால அமுக்கினா கடிக்கும், வலிக்கும், அவ்ளோதான். இதுக்கு மருந்து அடிக்க எங்களுக்கே காசு குடுக்காதீங்க.

நீங்க உஷாரா இருக்க வேண்டியது சின்னதுகிட்ட. பிரவுன் விடோன்னு பேரு, அடிக்கடி கண்ணுல படாது, ஆனா நம்ம நாட்டுலயும் இருக்கு. பட்டாணி சைஸ் உடம்பு, காலுல பட்டை பட்டையா இருக்கும், பிளாஸ்டிக் சேருக்கு அடில, பூந்தொட்டி விளிம்புக்கு உள்பக்கம், தொறக்காத ஷட்டர் ஓரத்துல கண்டமேனிக்கு வலை கட்டி தலைகீழா தொங்கும், அப்போ வயித்துல ஆரஞ்சு கலர்ல உடுக்கை வடிவம் தெரியும். அது தெரியலன்னா முட்டைப்பைய பாருங்க, சின்ன உருண்டை, சுத்தியும் முள்ளு முள்ளா நிக்கும், அதுவே போதும் அடையாளத்துக்கு.

தானா வந்து கடிக்காது, சேர தூக்கும்போது விரலுக்கு நடுவுல மாட்டினாதான். கடிச்சா சோப்பு போட்டு கழுவி ஐஸ் வைங்க, சுண்ணாம்பு தடவறது, பிளேடால கீறுறதெல்லாம் வேணாம். பெரும்பாலும் வலியோட போயிடும், வலி ஏறி தசை இழுத்துப் புடிச்சி வேர்த்துக் கொட்டினா ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு கெளம்பிடுங்க.

முதுகுல வயலின் வடிவம் இருக்குன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துதே, அந்த பிரவுன் ரெக்லூஸ்ன்ற எட்டுக்கால் பூச்சி அமெரிக்காக்காரன் பிரச்சன.

இன்னொண்ணு, காலைல கழுத்துல தீஞ்சாப்ல செவப்பா கோடு வந்தா "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் போயிடுச்சி"ன்றீங்க, பாவம் அது ஒண்ணும் பண்ணல. ட்யூப்லைட்டுக்கு வர்ற, கருப்பும் ஆரஞ்சுமா எறும்பு சைஸ்ல ஒரு வண்டு, அத தோல் மேல நசுக்கினா வர்ற தண்ணி பட்டுதான் கொப்புளம். மேல உக்காந்தா அடிக்காதீங்க, ஊதி விட்டுட்டு அந்த எடத்த கழுவுங்க.

போட்டோ அனுப்பறவங்க தயவுசெஞ்சி செருப்பால அடிச்ச அப்புறம் அனுப்பாதீங்க, ஒண்ணும் தெரியல. கண்ணாடி டம்ளரால மூடி, அடில அட்டைய சொருகி, வயித்துப் பக்கம் தெரியற மாதிரி ஒண்ணு, வலையோட ஒண்ணு எடுத்து அனுப்புங்க.