வரவுத்தாள் ஒப்பம் சம்மதம் ஆகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

வட இலங்கையின் வன்னியில் காணித் திட்டம் எது வந்தாலும் ‘மக்களிடம் கருத்துக் கேட்டாயிற்று’ என்ற வரி அறிக்கையில் இருக்கும். எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் இராது. கூட்டத்தில் தேநீருக்கு முன் சுற்றி வரும் வரவுத்தாள் பிறகு சம்மதத் தாளாகிவிடும். தலைப்பு வெறுமையாக இருந்தால் ‘வருகைக்கு மட்டும்’ என்று மேலே எழுதுவித்துவிட்டு ஒப்பமிடுங்கள்.

அடுத்த கோளாறு வரைபடம். சுவரில் 1:50,000 படத்தை ஒட்டினால் ஒரு சென்ரிமீற்றர் தரையில் அரைக் கிலோமீற்றர். பத்து ஏக்கர்ச் சிறுகுளம் அதில் நாலு மில்லிமீற்றர்ப் பொட்டு. பெருவிரலை வைத்தால் குளம், அலைகரை (குளத்து நீர் ஏறி இறங்கும் உட்கரை), வண்டிப்பாதை எல்லாம் மறைந்துபோம். 1:10,000 படத்தில் அதே குளம் இரண்டு சென்ரிமீற்றர். அதைக் கேட்டு வாங்கி, கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்பே கமநல சேவை நிலையத்தில் தொங்கவிட வேண்டும்.

பிறகு படத்தோடு நடக்க வேண்டும். ஆவணியில் போனால் அலைகரை வெறும் தரிசு. மார்கழியில் அங்கே இடுப்பளவு தண்ணீர். இன்னோரிடத்தில் வெளியாருக்குச் சும்மா கிடக்கும் அரச காணியாகப் படுவது, காலபோக (மாரிகால நெற்செய்கை) வயல் பயிரோடு நிற்கும் மாதங்களில் பட்டி மாடுகளுக்கான தரவை, அதாவது மேய்ச்சல் நிலம். அதனால் கமக்காரர் அமைப்பில் ஒருவரும் பட்டிக்காரர் ஒருவரும் கூட நடக்கட்டும். குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழி) பாயும் மட்டத்தில் நீர் எட்டும் எல்லை, மாட்டுத்தடம், உடைந்து கிடக்கும் பழைய குளக்கட்டு, யானை இறங்கும் வழி எல்லாவற்றையும் ஜி.பி.எஸ். புள்ளியோடு குறித்துவிட்டால் பின்னர் ‘தெரியாது’ என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

காலை பத்து மணிக் கூட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர் வரமாட்டார். குடும்பத்தைத் தலைமை தாங்கி நடத்தும் பெண்களிடம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தனியாகக் கேட்பதே நல்லது. இடப்பெயர்வில் அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்களைப் பத்திரமில்லாதவர் என்று ஒதுக்கமுன், பிரதேச செயலகக் காணிப் பேரேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

கூட்டக் குறிப்பை அங்கேயே தமிழில் வாசிக்கச் சொல்லி, படியொன்றைச் சங்கத்துக்கு வாங்குங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்லியாக வேண்டும்.

பரப்பளவிலும் ஒரு கண் இருக்கட்டும். 1 ஹெக்டயருக்கு மேல் காட்டை வேறு பாவனைக்கு மாற்றுவதையும், 50 ஹெக்டயருக்கு மேல் காணி துப்புரவாக்குவதையும் 1993ஆம் ஆண்டு வர்த்தமானி சுற்றாடல் அனுமதி நடைமுறைக்குள் கொண்டுவந்தது. 48 ஹெக்டயரில் ஒரு திட்டம் வந்து, பக்கத்திலேயே ‘இரண்டாம் கட்டம்’ முளைத்தால் அது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. இரண்டையும் கூட்டிப் பாருங்கள் என்பதே முதல் ஆட்சேபனையாக எழுத்தில் போகட்டும், பதிவுத் தபாலில். பற்றுச்சீட்டைப் படத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
ஒட்டுசுட்டான்.